பேணிக்குள் ஒருவன்

சூறாவளி போன மூன்றாம் நாள்
எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை.
தென்னைகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துப் படுத்திருந்தன.
குறுமண்வெளித் துறையில் ஓடம் கட்டும் இடத்தில்
யாருடையதோ மாட்டுவண்டிச் சில்லு.

அப்பா கிடுகு தேடிப் போனார்.
தம்பி செத்த கோழிகளை எண்ணினான்,
பதினொன்று வரை.
விழுந்த வளையை நான் புரட்டியபோது
அடியில் ஒரு பிஸ்கட் பேணி,
மூடியைச் சுற்றி மெழுகு.

காசு என்றுதான் நினைத்தேன்.
கூப்பன் புத்தகங்கள்.
எல்லாம் ஒரே பெயரில்:
வன்னியசிங்கம் கிருபைரத்தினம்.

எங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இல்லை.

முதல் புத்தகம் பிள்ளைகளுக்கானது,
கடைசிப் புத்தகம் பெரியாளுக்கானது.
ஆண்டுக்கு ஆண்டு அவன் வளர்ந்திருந்தான்,
சங்கக்கடை முத்திரை ஒரு கிழமையும் தவறாமல்.
எழுபத்தொன்றோடு நின்றிருந்தான்.
எனக்கு அப்போது நாலு வயது.

அம்மா மூன்று செங்கல் வைத்துக் கஞ்சி காய்ச்சினா.
என் கையைக் கண்டதும்
அகப்பையைக் கீழே வைத்தா, மண்ணில்.

"வெள்ளத்துக்க போனவன்.
ஐம்பத்தேழு மார்கழி. மூணு வயசு.
பதிய வேணும் எண்டு விதானையார்ட்டப் போனன்கா மகள்,
படலை வரைக்கும் போனன்.
பதிஞ்சா கூப்பனை வெட்டிருவாங்க.
அந்த வருசம் வயலும் இல்ல.
மறுகா நீ பிறந்தாய்..."
கஞ்சி பொங்கி நெருப்பில் வழிந்தது.
இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

கிழமைக்கு ரெண்டு கொத்து.
பெருக்கிப் பார்த்தேன், பாதியில் விட்டேன்.
எனக்குப் பல் முளைத்தது அவன் அரிசியில்.
நான் நடக்கப் பழகியதும் அதில்தான்.
அவன் முகம் எப்படி என்று
கேட்க வாயெடுத்துக் கேட்கவில்லை.

பின்னேரம் விதானையார் வந்தார்,
நிவாரண மாவுக்கு ஆள் எழுத.
சைக்கிளைக் காற்றுக் கொண்டுபோனதாம்;
சாரத்தில் முழங்கால் வரை சேறு.
"வீட்டில எத்தனை பேர்?"

நான் அம்மாவைப் பார்த்தேன்.
அம்மா பேணியைப் பார்த்தா.
"நாலு."
எழுதிவிட்டு அவர் வேலியைத் தாண்டப் போனார்,
வேலி என்று ஒன்று இருந்திருந்தால்.

"நில்லுங்க. இன்னும் ஒரு ஆள் எழுதணும்.
அது மாவுக்கு இல்ல."

விதானையார் அம்மாவையே பார்த்தார், கன நேரம்.
பிறகு பென்சிலை நாக்கில் தொட்டு
வேறு தாள் எடுத்தார்.
பெயர் கேட்டார்.
அம்மாவுக்குச் சொல்ல வரவில்லை.
நான்தான் எழுத்துக் கூட்டினேன்.
கி.
ரு.
பை.

பன்னிரண்டாவது கோழியைக் காலில் தூக்கிக்கொண்டு
தம்பி வந்து நின்றான்.
"அது ஆரு?" என்றான்.