ஏழாம் வரிசை

இரவு மூன்றேகால். பூர்க்டோர்ஃப் மருத்துவமனை.
எக்கிமான் மூன்றாவது கிண்ணத்தையும் நிறைத்துவிட்டார்.
வயிற்று வைரஸ், என்றிருந்தது
மாலைப் பணிக்காரரின் குறிப்பு.
நானும் அப்படியே நம்பியிருப்பேன்,
அவர் மனைவி கைப்பையைத் திறந்து
ஒரு ஜாம் போத்தலை மேசையில் வைத்திராவிட்டால்.
உள்ளே பச்சையாய் ஏதோ துவையல்.
"காட்டுப்பூண்டு. எம்மே ஆற்றங்கரையில் இவரே பறித்தது."

முகர்ந்தேன்.
பூண்டு மணத்துக்கு அடியில்
வேறெதுவும் மணக்கவில்லை.

கணினியிடம் முதலில் கேட்டது தவறான கேள்வி.
வாந்தி, வயிற்றோட்டம், ஏப்ரல்:
உலகமே கழிவறையில் இருப்பதாய்ச் சொன்னது அது.
பிறகு இலையைக் கேட்டேன்.
பூண்டிலை போலவே இலைவிட்டு
இலையுதிர்காலத்தில் ஊதாவாய்ப் பூக்கும் வேறொரு செடி.
அதன் நஞ்சுக்குக் கொல்கிசின் என்று பெயர்.

நச்சு ஆலோசனைத் தொலைபேசியில்
சூரிச்சிலிருந்து நிதானமான ஒரு குரல்.
கரி கொடுங்கள். ரத்த அணுக்களை எண்ணிக்கொண்டே இருங்கள்.
முறிமருந்து கைவசம் இல்லை.
"எத்தனை நாள் எண்ணுவது?"
"எனக்கும் இது இரண்டாவதுதான். வாசித்துப் பாருங்கள்."

வாசிக்கத் தேடினால்
வந்து நிற்கிறது யாழ்ப்பாணம்.
கார்த்திகைப்பூக் கிழங்கு. அதே நஞ்சு.
பெண்விரலுக்கு உவமை காந்தள் என்று
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
பத்துத் தரம் எழுதவைத்த பூ
இங்கே ஓர் அட்டவணைக்குத் தலைப்பு.

பதினொரு வரிசை. பெயர்கள் இல்லை.
பெண், 19. மூன்றாம் நாள்.
ஆண், 41. இரண்டாம் நாள்.
பெண், 17. காரணம் என்ற கட்டத்தில்
ஒரு சின்னக் கோடு மட்டும்.

எந்த வார்டில், எந்த மின்விசிறிக்குக் கீழே
ஆறு மணிக்கொருமுறை ரத்தமெடுத்து
யார் இந்த எண்களை எழுதிவைத்தார்களோ,
அவற்றைப் பிடித்துக்கொண்டுதான்
எக்கிமானின் நாட்களைக் கடந்தேன்.
நான்காம் நாள் வெள்ளணுக்கள் விழும் என்றது. விழுந்தன.
ஒன்பதாம் நாள் ஏறும் என்றது.
ஏறவில்லை. அன்றிரவு நான் வீட்டுக்குப் போகவில்லை.
பத்தாம் நாள், கொஞ்சம்.

பன்னிரண்டாம் நாள் காலை
திருமதி எக்கிமான் தாழ்வாரத்தில் மறித்தார்.
கையில் சீப்பு. சீப்பு நிறைய முடி.
"கொத்துக் கொத்தாய் வருகிறது, டொக்டர்.
தலையணையெல்லாம்."

சிரித்துவிட்டேன்.
அவருக்கு எப்படி இருந்திருக்கும்.

ஏழாம் வரிசை. பெண், 26.
இரண்டாம் வாரம் தலைமுடி முழுதும் உதிர்ந்தது.
அடுத்த கட்டத்தில்
பதினொரு பேரில் நால்வருக்கே வாய்த்த சொல்:
வீடு திரும்பினார்.