தைக்காமல் விட்டது

ஆறு வாரத்தில் ஆறிவிடும் என்றார் டாக்டர்.
இது பதினோராவது வாரம்.
மலையில் பனி உருகி
ரியோனி கலங்கலாய் இறங்குகிறது.
ஜன்னலிலிருந்து பார்க்கிறேன்.
எனக்கு இன்னும் படி இறங்க அனுமதி இல்லை.

தொப்புளுக்குக் கீழே போட்ட
பதினான்கு தையலில் ஐந்து விட்டுப்போனது
ஒரே ஒரு தும்மலில்.
முப்பத்தொரு வருடம்
குத்தாய்ஸி நாடக அரங்கில்
அரசிகளுக்கும் பிணங்களுக்கும் உடை தைத்தவள் நான்.
எந்த நூல் நிற்கும், எது காலை வாரும் என்று
இழுத்துப் பார்த்தாலே சொல்லிவிடுவேன்.
திரும்பத் தைத்துவிடுங்களேன் என்றேன்.
கூடாது, மேலே மூடினால் உள்ளே சீழ் கட்டும்,
அடியிலிருந்து தானாக நிரம்பி வரட்டும் என்றார்கள்.
பிரிந்த துணியை அப்படியே சுருட்டி
வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

செவ்வாயும் வெள்ளியும் நர்ஸ் நானுலி வருவாள்.
பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டு
நகத்தால் அடையாளம் பிடித்து
ஸ்கேலில் வைப்பாள்.
நான்கு சென்டிமீட்டர்.
மூன்றரை.
மூன்றரை.
மூன்று புள்ளி எட்டு.
அதெப்படிக் கூடும் என்று சண்டைக்குப் போனேன்.
போன தடவை சரியாகப் பிடிக்கவில்லை என்றாள்.
இடுப்பு பருத்த நடிகைகளிடம்
இதே பொய்யை நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன்,
டேப்பைச் சுருட்டிக்கொண்டே.

மற்ற நாளெல்லாம் ஷால்வாதான்.
லாரி ஓட்டியவன், கை நடுங்காது.
கண்ணை மட்டும் திறக்கமாட்டான்.
முதல் நாள் ஊற்றிய உப்புநீரில்
பாதியை மெத்தைதான் குடித்தது.
அப்புறம்தான் தேயோனா போனில் வர ஆரம்பித்தாள்.
இத்தாலியில், பாரி நகரத்தில்,
யாரோ ஒரு கிழவியைக் குளிப்பாட்டி
புரட்டிப் படுக்கவைத்து
முதுகுப் புண்ணுக்கு மருந்து போடுவது அவள் வேலை.
அந்த யூரோவில்தான் இந்தக் கட்டுத்துணி வருகிறது.
சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைப்பான்.
"அப்பா, கை கழுவினாயா? காட்டு."
"பிய்க்காதே. நனைத்து எடு."
"மெதுவா, மெதுவா. தலையணைக்கா பஞ்சு அடைக்கிறாய்?"
நடுவில் அவள் பின்னாலிருந்து
இத்தாலியனில் ஒரு குரல் கூப்பிடும்.
இதோ வந்துவிட்டேன் என்பாள்,
எங்களைப் பார்த்து அல்ல.

ஒரு மதியம் வீட்டில் யாரும் இல்லை.
பவுடர் கண்ணாடியைக் கீழே பிடித்தேன்.
பயந்த அளவுக்கு இல்லை.
மாதுளையை உடைத்ததும் தெரியுமே,
அந்தச் சிவப்பு, மணி மணியாக.
நானுலியிடம் சொன்னேன்.
அதுதான் புதுச் சதை, வெளுத்தால்தான் பயப்படணும் என்றாள்.
அன்று இரண்டு வேளையும் சாப்பிட்டேன்.

இரவுகளைப் பற்றி மகளிடம் சொல்வதில்லை.
இருமல் வரும் முன்பே
குஷனை வயிற்றோடு அணைத்துக் காத்திருப்பது,
மல்லாந்தே கிடந்து
கூரையின் ஈரக்கறையோடு பழகிப்போனது,
மடியில் ஏறக் கூடாதென்று வெளியே தள்ளிய பூனை
விடியும்வரை கதவைப் பிறாண்டுவது,
மூக்கிலேயே தங்கிவிட்ட அந்த வாடை.
ஒரு வாடையும் இல்லையே என்கிறான் ஷால்வா.
ஆயிரம் நடிகர்களைப் பார்த்தவள் நான்,
அவனுக்கு நடிக்க வராது.

செவ்வாய்க்கிழமை கீழ்வீட்டு சியாலா
ஓரம் பிரிந்த பாவாடையோடு வந்தாள்,
சும்மாதானே படுத்திருக்கிறாய் என்று.
கோபம் வந்தது, வாங்கிக்கொண்டேன்.
ஊசியில் நூல் ஏறியது, முதல் தடவையிலேயே.
பாதி தைப்பதற்குள் வயிறு இழுத்தது.
மீதி எப்போ என்றாள்.
வெள்ளிக்கிழமை என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

இன்று வெள்ளி.
இரண்டு புள்ளி ஒன்பது.
டீசல் கணக்கு எழுதிய அதே கோணல் எழுத்தில்
ஷால்வா காலண்டரில் குறித்து வைக்கிறான்.
பாவாடை நாற்காலியில் கிடக்கிறது,
ஊசி அதிலேயே குத்தியிருக்கிறது.