நேத்துள்ள ரொட்டி

கோயம்புத்தூரில் அடுப்பு செய்கிறார்கள்.
அபிஜானில் அதை வாங்குகிறார்கள்.
நடுவில், பாளையங்கோட்டை ஐகிரவுண்டில்,
சொல்லுக்கு ஒன்றே கால் ரூபாய்க்கு நான்.

இங்கிலீஷ் இடது பத்தி, பிரெஞ்சு வலது பத்தி,
இருநூற்று நாற்பத்தேழு வரிசை.
தமிழுக்குக் கட்டம் கிடையாது.
பிளஸ்டூவில் மார்க்குக்காக எடுத்த பிரெஞ்சு
இப்போது கரண்டு பில் கட்டுகிறது.

இங்கிலீஷில் வலிக்கு எழுதும் நாலு எழுத்தை
அப்படியே பிரெஞ்சில் வாசித்தால் ரொட்டி என்று
கண்டுபிடித்துச் சொல்லாத ஆளில்லை.
பன்னிரண்டு வருஷமாகச் சிரித்தாயிற்று.

முப்பத்தொன்றாவது வரிசை, ப்ரூஃப்.
காலையில்தான் வங்கியில் கேட்டார்கள்,
ஆதாரைக் காட்டினேன், போதும் என்றார்கள்.
இது வேறு.
பெரியாஸ்பத்திரிக்கு எதிரே
மைதீன்பிச்சையின் பேக்கரிக்குப் பின்கட்டில்
ஈரச் சாக்குக்குக் கீழே
தகர அச்சுகளில் மாவு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.
"ப்ரூப்பு ஆயிட்டுன்னு எப்படித் தெரியும்?"
"வெரலால குத்துவேன். குழி மெல்ல மேல வரணும்.
பட்டுனு வந்தா இன்னும் நேரம் கெடக்கு.
வரவே இல்லன்னா போச்சு."
பிரெஞ்சில் அதற்கு 'அப்ரே',
ஆயத்தம் என்கிற மாதிரி.
சாட்சி எங்கே என்கிறான் ஒருத்தன்,
கிளம்பலாமா என்கிறான் இன்னொருத்தன்.
மைதீன்பிச்சை
விரலைக் கைலியில் துடைத்துக்கொண்டு
அடுத்த அச்சைக் குத்தப் போனான்.

க்ரம்.
ரொட்டிக்குள் மெத்தென்று இருப்பதும் க்ரம்,
மேசையில் உதிர்ந்து கிடப்பதும் க்ரம்.
பிரெஞ்சில் உள்ளே இருப்பது 'மீ',
உதிர்ந்ததற்கு 'மியெத்' என்று தனிப்பெயர்.
உதிர்ந்ததைத் துணிக்கை என்று
கோயில் பிரசங்கத்தில் கேட்டு வளர்ந்தவள்தான்.
உள்ளே இருப்பதற்கு?
"பஞ்சு" என்றான், அவ்வளவு வேகமாக.
பஞ்சை எழுத எனக்கு இடமில்லை.
ஜங்ஷனிலிருந்து பாளைக்கு வருகிறவர்கள்
ஆற்றுக்கென்று டிக்கெட் எடுப்பதில்லை,
ஆற்றின் மேல் ஏறாமலும் வருவதில்லை.

நூற்றுத் தொண்ணூறில் நின்றுவிட்டேன்.
ஸ்டேல்.
இங்கிலீஷில் அது ஒரு வசவு.
பேச்சு, காற்று, சிரிப்புத் துணுக்கு
எதன் மேல் வைத்தாலும் நாறும்.

அன்று இரவு ஒன்பதரைக்கு ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.
குனிந்து உள்ளே வந்தாள்
முக்கூடல்காரி பேராச்சி. புருஷன் இரண்டாம் மாடியில்,
பதினோரு நாளாக.
"நேத்துள்ள ரொட்டி இருக்கா?"
பாதி விலைக்குத்தான் கேட்கிறாள் என்று
நானாக நினைத்துக்கொண்டு
இன்றைய பாக்கெட்டுக்கு நான் தருகிறேன் என்றேன்.
அவளுக்குக் கோபமில்லை.
"புதுசு தொண்டையில ஒட்டுதுங்காக, யம்மா.
நேத்துள்ளதுன்னா பால்ல போட்டா
அடங்கி இருக்கும்."
பர்சைத் திறந்த கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மைதீன்பிச்சை கேட்காமலே ஓரங்களை வெட்டினான்.
வெள்ளையை ஒரு தாளில்,
வெட்டிய ஓரங்களை இன்னொரு தாளில்.
இரண்டாவது பொட்டலம் யாருக்கு என்று
அவனும் கேட்கவில்லை, நானும்.

வீட்டுக்கு வந்து வலது பத்தியில் தட்டினேன், 'ரசி'.
காதுக்குத் தமிழ் ஏவல் மாதிரி இருக்கும்,
பொருள் வேறு.
எழுந்தது திரும்ப உட்கார்ந்தது.
கொதித்து இறங்கி நிதானத்துக்கு வந்த
மனசைச் சொல்லவும் அங்கே அதே சொல்தான்.

அடுத்தது பன்.
அதை அப்படியே விட்டுவிட்டேன், பன்னாகவே.

அபிஜானில் யாரோ ஒருவர்
நூற்றுத் தொண்ணூறாவது வரிசையைப் பார்த்து
சரிதான் என்றுகூடச் சொல்லாமல் கீழே போவார்.
அதற்குத்தான்
ஒன்றே கால் ரூபாய்.