நான்காவது துண்டு

முதல் துண்டு பதினொன்று இருபதுக்கு வந்தது,
உப்புநீர் நனைத்த துணியில்,
பச்சைப் பட்டாணி அளவு.
சீட்டில் பெயர் இல்லை:
மாதேவியின் ஆண் குழந்தை, பத்தொன்பது நாள்,
பென்னாகரம்.

திம்மராயன் அதை உறையவைத்து
மயிரிழையை விட மெல்லிசாய்ச் சீவித் தருகிறான்.
கண்ணாடிக்குக் கீழே குடலின் சுவர்:
உள்ளே வெல்வெட் மடிப்பாய்ச் சளிப்படலம்,
அதற்கடுத்துத் தளர்ந்த நார், ரத்தக்குழாய்,
பிறகு வட்டமாய் ஓடும் தசை,
அதைப் போர்த்தி நீளமாய் ஓடும் தசை.
இரண்டு தசைக்கும் நடுவே ஒரு சந்து.
நான் பார்க்க வேண்டியது அந்தச் சந்தைத்தான்.

அங்கே சிலர் குடியிருக்க வேண்டும்.
பெரிய உடம்பும்
ஒற்றைக் கண் போன்ற உட்கருவுமாய்,
மூளைக்குச் சொல்லியும் சொல்லாமலும்
பின்னால் இறுக்கு, முன்னால் தளர்த்து என்று
பாலை நகர்த்துகிற நரம்பணுக்கள்.
கரு ஐந்தாறு வாரமாய் இருக்கையில்
பிடரிப் பக்கம் புறப்பட்டு
குடல் நெடுக நடந்தே வருகிறவர்கள்.
கடைசி ஊர் வரை வந்துசேர வேண்டும்.
சில குழந்தைகளில்
வழியிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். ஏன் என்று
முழுதாய் எனக்குத் தெரியாது.

சந்து காலி.
தடித்த நரம்புக் கற்றைகள் மட்டும்,
போன் இல்லாத வீட்டுக்கு இழுத்த கம்பி மாதிரி.
"இல்லை" என்றேன்.
"சரி, இன்னும் மேலே போறேன்" என்றார் டாக்டர் நஸ்ரீன்.

தொப்பூர் கணவாயில் லாரி ஒன்று குறுக்கே சாய்ந்தால்
நல்லம்பள்ளி தாண்டி தருமபுரி வரை வரிசை நிற்கும்.
முன்னால் சாலை வெறிச்சென்று கிடக்கும்.
இந்தப் பிள்ளையின் வயிறு அப்படித்தான் உப்பியது.
அடைப்பு என்று அங்கே கல்லோ கட்டியோ இல்லை,
தளரச் சொல்ல ஆளில்லாமல்
இறுகியே கிடக்கிற சில விரற்கடை.

இரண்டாவது துண்டு. இல்லை.
மூன்றாவதில் ஒன்று இருப்பதுபோலிருந்தது;
கண்ணைத் தேய்த்துப் பார்த்தால்
உறைந்ததில் விழுந்த ஓட்டை.
ஆசைக்கும் ஓர் உட்கரு முளைத்துவிடும் சில நேரம்.
உள்ளே மயக்க மருந்து ஓடுகிறது.
வெளியே ஓசூரில் சென்ட்ரிங் வேலையைப் போட்டுவிட்டு
சிமெண்ட் காலோடு வந்த தகப்பன் நிற்கிறான்.
"இல்லை" என்றேன்.
அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

நான்காவது, ஒன்று பத்துக்கு.
முதலில் ஒருவர். பக்கத்தில் மூவர்.
நகர்த்தினால் அடுத்த வளைவில் ஒரு குடும்பமே,
ஊதா நிறத்தில், கண் விழித்தபடி.
"வந்துட்டாங்க" என்றுதான் வாயில் வந்தது.
அறிக்கையில் வேறு மாதிரி எழுதினேன்.
இனி அந்த இடத்தைக் கீழே இழுத்துத் தைப்பார்கள்.

வெள்ளிக்கிழமை திம்மராயன் டீயோடு வந்தான்.
காத்து பிரிஞ்சுதா, காத்து பிரிஞ்சுதா என்று
வார்டில் நர்சம்மா நாளெல்லாம் கேட்ட கேள்விக்கு
மாதேவி அழுக்குத் துணியையே
தூக்கிக் காட்டினாளாம்,
பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவள் மாதிரி.

சிரித்தேன்.
காலையிலிருந்து எதுவும் போடாத என் வயிறு
என்னைக் கேட்காமல்
ஒரு சத்தம் போட்டது.