பென்சில் கோடு

லப்பாயார்வி ஏரி உறைந்த மூன்றாம் வாரம்
சலவை இயந்திரத்தின் கழிவுக் குழாயை
நான்காக வெட்டினாள் ஹில்க்கா.
அன்றிலிருந்து துணி துவைக்க
ரெயோ வீட்டுக்குத்தான் போகிறோம்.

எஞ்சினின் நான்கு வாய்களிலும்
அந்தச் சாம்பல் நெளிகுழாயைச் செருகி
வளைத்து, நீட்டி, கம்பியால் கட்டி,
தள்ளி நின்று பார்த்தாள்.
நான்கும் ஒரே நீளம் வேண்டும்,
ஒன்றின் புகை இன்னொன்றின் முகத்தில் அடிக்காமல்
முறைவைத்துப் போக வேண்டும் என்றாள்.
மூன்று சொன்னபடி கேட்டன.
நான்காவது மூக்குச் சக்கரத்தின் காலில் இடித்தது.
காலைத் தள்ளினால் எஞ்சின் தாங்கி நகர வேண்டும்,
தாங்கி நகர்ந்தால் பெட்ரோல் குழாய்,
அதுவும் நகர்ந்தால் என் முழங்கால்.
முழங்கால் பிழைத்துப் போகட்டும் என்று
நாலு விரற்கடை குறைத்துக்கொண்டாள்
பல்வலி வந்தவள் போல.

நான் செய்த உதவி ஒன்றே ஒன்று.
துருப்பிடிக்காத எஃகு வளைவில்
வெட்ட வேண்டிய இடத்தைப்
பென்சிலால் குறித்து வைத்தேன்.
சுற்றிலும், நேராக, கொஞ்சம் பெருமையோடு.

அவள் சத்தம் போடவில்லை.
கையுறையைக் கழற்றிக்
கோட்டைத் தொட்டு
விரலைப் பார்த்தாள்.
இது கரி.
குழாய் பழுக்கும்போது எஃகுக்குள் இறங்கும்.
விரிசலுக்கு நீயே
முகவரி எழுதிக் கொடுத்திருக்கிறாய்.

அழித்துவிடலாமே என்றேன்.

மீன்பிடிப் படகுகளுக்கு
இருபது வருடமாகப் பற்றவைப்பவள்.
எண்பது யூரோ வளைவைக்
குப்பைத் தொட்டியில் வைத்தாள்.
எறியவில்லை, வைத்தாள்.
அதற்குப் பிறகு மூன்று நாள்
எங்களுக்குள் பேச்சு மில்லிமீட்டரில் மட்டும்.

புது வளைவு வந்தது. சிவப்பு மையில் குறித்தாள்,
அதையும் ஸ்பிரிட்டால் துடைத்தாள்.
உள்ளே ஆர்கான் நிரப்பி, முனைகளை டேப்பால் அடைத்து,
மூச்சடக்கி ஒரே இழுப்பில் ஒட்டினாள்.
இணைப்புகளை மட்டும் இறுக்கவில்லை.
சூட்டில் நீளும், நீள இடம் வேண்டும்,
ஆட்டிப் பார் என்றாள்.
ஆட்டினேன். லொடலொடத்தது.
இதுதானா என்று கேட்க வந்து
கேட்காமல் விட்டேன்.

மார்ச்சில், பனிக்கட்டி மேல், மைனஸ் பதினொன்று.
வாலைக் கயிற்றால் ரெயோவின் டிராக்டரில் கட்டிவிட்டு
எஞ்சினைக் கிளப்பினோம்.
குழாய்கள் வைக்கோல் நிறமாயின, பிறகு ஊதா,
பிறகு நான் பெயர் அறியாத ஒரு நீலம்.
மூன்றின் நீலம் ஒன்றுபோல்.
குட்டையானது தனி நிறம்.

கதவை மூடிக்கொண்டு அவள் உள்ளே இருந்தாள்.
கால் பக்கம் வெப்பக் காற்று,
மடியில் கார்பன் மோனாக்சைடு மானி.
மணம் இல்லாத அந்தச் சனியன் கசிந்தால்
தூக்கம்தான் வரும், வேறொன்றும் தெரியாது.
கயிறு விறைத்து நின்றது.
ஐந்து நிமிடம். ஏழு.
கண்ணாடியைத் தட்டலாமா என்றிருந்தபோது
கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும்
வட்டமாகச் சேர்த்துக் காட்டினாள்.

பிரமாதம் என்றும் அதற்குப் பொருள் உண்டு.
நான் பூஜ்யம் என்றே எடுத்துக்கொண்டேன்.