நூறு சதம் பருத்தி

கொண்டலாம்பட்டிக் கம்பெனியில்
ஷிப்டுக்கு எண்ணூறு கழுத்து என் கணக்கு.
பின்கழுத்தை மடக்கி
லேபிளை நடுவில் வைத்து
ஒரு ஓட்டு, ஒரு திருப்பு, கத்தரி.
நூறு சதம் பருத்தி என்று
அதில் எழுதியிருக்கும்.
அந்தத் துண்டு மட்டும் நைலான்.

ராத்திரி பதினோரு மணிக்கு
டியூப்லைட்டுக்குக் கீழே
பாதி பிளேடோடு உட்கார்ந்து
அதே தையலைப் பிரிக்கிறேன்.
வெட்டினால் மட்டும் போதாது
வெட்டின இடம் முள்ளாக நிற்கும்.
ஒவ்வொரு இழையாக உருவி
நாக்கு நுனியில் வைத்துப் பார்க்க வேண்டும்.
ஒன்று மிஞ்சினாலும்
நித்திலனுக்கு அது எறும்பு.

எறும்பு, அவன் வைத்த பெயர்.
சாக்ஸில் விரலுக்கு மேல் ஓடும் தையல்: பல்.
யூனிபார்ம் பேண்ட்டைக் காட்டி
"இது கத்துதும்மா" என்றான் ஒருநாள்.
மண்டியிட்டுக் காதை வைத்தேன்.
அவன் நடந்தான்.
தொடையும் தொடையும் உரச
கத்தத்தான் செய்தது
தகரத்தில் நகம் இழுத்ததுபோல.
ஒரு வருஷமாய் அதைத் துவைத்தவள் நான்.

அப்புறம் பள்ளிக்கூடத்துக்கு மூன்று முறை நடந்தேன்.
நிறம் மாறாமல் இருந்தால் சரி
என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்
என் முகத்தைப் பார்க்காமல்.
போதும், அது போதும்.
நீலத்தில் பனியன் துணி, நாடா இடுப்பு,
ஒரே மாதிரி நாலு.

புதுச்சட்டை எங்கள் வீட்டில்
நேராக வீட்டுக்குள் வராது.
மாடிவீட்டு சஞ்சீவிக்குக் கொடுத்து
ஆறு மாசம் போடச் சொல்வேன்
மண்ணில் புரளட்டும், மாங்காய்ப் பால் படட்டும்.
இளகினதும் வாங்கிக்கொள்வேன்.
சஞ்சீவியின் அம்மாவுக்கு முதலில் கூச்சம்,
"போட்டதைப் போய் உங்க பையனுக்கா?"
இப்போது அவளே அமுக்கிப் பார்த்து
"இன்னும் ஒரு மாசம் ஆகணும்" என்கிறாள்
மாவு புளித்ததா என்று பார்ப்பவள்போல.

கன்னங்குறிச்சியில் நாத்தனார் மகள் கல்யாணம்.
அத்தனை பட்டுக்கும் நடுவே
என் மகன் மட்டும்
சட்டையை உள்பக்கம் வெளியே போட்டிருந்தான்.
தையலெல்லாம் ஊர் பார்க்க,
வழவழப்பெல்லாம் அவனுக்கு.
"மாத்திப் போட்டிருக்கானே" என்றார்கள்.
"ரெண்டு மணி நேரம் பொறுக்க மாட்டானா?"
நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.
ஜரிகை ரவிக்கை அக்குளில் அறுத்துக்கொண்டிருந்தது.
முப்பத்தி நாலு வயசில்
அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது,
அது அறுக்கிறது என்று.
பந்தியில் அவன் எனக்குப் பக்கத்தில்
ரசம்சாதத்தை முழுதாகச் சாப்பிட்டான்.
நான் பாதியில் எழுந்தேன்.

செவ்வாய்ப்பேட்டைச் சந்தில்
கழித்துப்போட்ட துணி விற்கும் கௌஸ் பாய்
முதல் நாள் என்னைப் பைத்தியம் என்றே நினைத்தார்.
நிறம் பார்க்காமல் விலை கேட்காமல்
கண்ணை மூடிக்கொண்டு
சட்டையை மேலுதட்டில் தேய்ப்பவள்.
இன்று அவரே மீசைக்கு மேல் தேய்த்துவிட்டு
"இது ஆகாதும்மா" என்று தள்ளிவைக்கிறார்.

போன வாரம் வேலையில்
ஒரு கழுத்தை விட்டுவிட்டேன்.
சின்ன அளவு, வெளிர்பச்சை.
லேபிள் கையில் இருந்தது,
ஊசி கீழே இறங்கியது,
துண்டு மட்டும் இடையில் போகவில்லை.
செக்கிங்கில் பிடித்தார்கள். சூப்பர்வைசர் கேட்டார்.
தவறிடுச்சு சார் என்றேன்.
கூலியில் பதினைந்து ரூபாய் போனது.

நேற்றுச் சந்தில்
எனக்கு முன்னால் ஒருத்தி நின்றிருந்தாள்.
இடுப்பில் குழந்தை, உடம்பில் ஒரு ஜட்டி மட்டும்,
அழுது அழுது தொண்டை கட்டிப்போயிருந்தது.
அவள் ஒவ்வொரு சட்டையாய் எடுத்து
கண்ணை மூடித்
தாடைக்குக் கீழே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பேரைக்கூடக் கேட்கவில்லை நான்.
அடியில் கிடந்த மெத்தென்ற குவியலை
அவள் பக்கம் நகர்த்தினேன்.