மூன்று கிண்ணம்

காரைக்குடி, செக்காலை ரோடு, மாடியில் ஆய்வகம்.
சிவப்பு விளக்கு: நிறம் தெரியக் கூடாது.
மூக்கில் கிளிப்: மணம் தெரியக் கூடாது.
"அப்புறம் நான் எதுக்கு?"
என்றார் அடைக்கப்பன்.

கல்யாண வீட்டு அடுப்படியில் முப்பது வருஷம்.
தேன்குழல் விழும் சத்தத்திலேயே
எண்ணெயின் சூடு சொல்கிறவர்.
மூன்று கிண்ணத்தில் ஒன்றில் மட்டும்
ஒரு துளி கொழுப்பமிலம்.

நாக்கு மொட்டுக்குள் ஒரு செல்
புரதக் கை நீட்டிக் காத்திருக்கும்.
முழு எண்ணெய் அதற்குப் பிடிபடாது,
எச்சில் அறுத்துத் தருகிற இழைதான்.
தொட்டதும் உள்ளே கால்சியம் பொங்கும்,
நரம்புக்குச் சேதி போகும்.

இவருக்குப் போகவில்லை.
முதல் சுற்று தப்பு. இரண்டாவதும்.
தினம் வந்துபோகிற ஆளுக்கு
யார் எழுந்து நிற்பார்கள்?

துளியைக் கூட்டிக்கொண்டே போனேன்.
ஏழாவது சுற்றில்
நடுக் கிண்ணத்தைத் தள்ளினார்:
"காறுது."

படிவத்தில் 'சுவையின் பெயர்' என்ற கட்டம்
ஆறு மாதமாகக் காலி.
இனிப்பில்லை, கசப்பில்லை என்று
இல்லைகளாகவே எழுதிப் போயிருந்தார்கள்.
எழுதினேன்: காறல்.

கிளிப்பைக் கழற்றி
மூக்கைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்,
"பழைய எண்ணெயை யார் வச்சது?"